கம்மல் கழற்றிய காது

என் அண்ணன் மனைவியை, என் மைனியை, நான் நம்பியதில்லை. இப்போதும் முழுதாக நம்பவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் நான் மனம் திருந்திய கதை என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை.

எங்கள் வீடு கேரள எல்லையோரம், குளத்தூர்ப் பக்கம். ரப்பர் மரங்கள் நிற்கிற ஒரே விளையில் இரண்டு வீடுகள். முன்னால் அண்ணன் வீடு, பின்னால் என் வீடு, நடுவில் இடுப்பளவு மதில். எனக்குப் பாறசாலையில் பைக் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. என் மனைவி மஸ்கட்டில் நர்ஸ். வீட்டில் நானும் நாலாம் வகுப்பு படிக்கிற மகளும் மட்டும்தான்.

நாங்கள் மிஷன் காலத்திலேயே கிறிஸ்தவர்கள் ஆனவர்கள். எங்கள் சர்ச்சின் கல்லறைத் தோட்டத்தில் எங்கள் ஆட்கள் வரிசையாகக் கிடக்கிறார்கள். அண்ணனும் அந்த சர்ச்சில்தான் வளர்ந்தான். கல்யாணமான பிறகு மைனியின் பேச்சைக் கேட்டு ஒரு புதுச் சபைக்குப் போனான். ஆற்றில் முழுகி மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தான். குழந்தையாக இருக்கும்போது அம்மை மடியில் வைத்து அவனுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாம். அன்றோடு எங்கள் பேச்சு நின்றது. நான் முற்றத்தில் நின்றால் அவன் ரப்பர் மரங்களுக்குள் போய்விடுவான். அவன் நின்றால் நான் பைக்கை எடுத்துவிடுவேன்.

அந்தச் சபையில் நகை போடமாட்டார்கள். தாலிகூட இல்லை. எங்கள் ஊரில் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் காது வெறுமையாக இருந்தால் அவள் மாறிவிட்டாள் என்று அர்த்தம். வேறு விசாரணை கிடையாது. பேருந்தில் பக்கத்தில் உட்காருகிற பெண்கள் முதலில் பார்ப்பது காதைத்தான். அதற்குப் பிறகுதான் முகத்தைப் பார்ப்பார்கள்.

மைனி முன்பு தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். வேலையை விட்ட பிறகு சனிக்கிழமை மத்தியானம் வீட்டு முன்னறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்ல ஆரம்பித்தாள். நம்ம ஆட்களின் பழைய கதை, பைபிள் கதை இரண்டும். கதை முடிந்ததும் அதை வைத்து ஏதாவது செய்யச் சொல்வாள். தென்னம்பாளையில் வள்ளம், தென்னோலை ஈர்க்கிலில் குடிசை, சிரட்டையில் விளக்கு. காசு வாங்கமாட்டாள். அதுதான் எனக்கு முதல் சந்தேகம். இந்தக் காலத்தில் காசு வாங்காமல் ஒருத்தி அடுத்த வீட்டுப் பிள்ளைகளின் சத்தத்தைச் சகித்துக்கொள்வாளா? சபைக்கு ஆள் பிடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

என் மகளை அனுப்ப எனக்கு இஷ்டமே இல்லை. சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பில் கூட்டம். அவளை அங்கே கொண்டுபோனால் டயர் மேல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மனைவி வீடியோவில் வந்து சண்டை போட்டாள்.

"பிள்ள கிரீஸ் மணத்துக்கிட்டுக் கெடக்கதவிட அது எவ்வளவோ கொள்ளாம். மைனி டீச்சரா இருந்தவங்களாக்கும்."

"அவளுக்க டீச்சர்வேல எனக்குத் தெரியும். எனக்க அண்ணன ஆத்துல முக்குனவளாக்கும் அவ."

"அவங்களா முக்குனாங்க? அண்ணனுக்கு நீச்சல் தெரியும், சாடி ஏறி வந்திருக்கலாமே. நீங்க பிள்ளைய அனுப்புங்க."

அனுப்பினேன். ஆனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் சாயங்காலம் சாயாவுக்கு உட்காரும்போது மகளைக் குறுக்கு விசாரணை செய்வேன். என்ன கதை? என்ன பாட்டு? கண்ணை மூடச் சொன்னார்களா? கையைத் தூக்கச் சொன்னார்களா? ஆற்றைப் பற்றி ஏதாவது பேசினார்களா? பிள்ளை பாவம், பிஸ்கட்டை சாயாவில் முக்கிக்கொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும். மூன்றாவது வீட்டு இந்துப் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த வகுப்புக்குப் போகிறார்கள். அவர்கள் அம்மை ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள். அவளிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"உங்களுக்குப் பயம் இல்லியா?"

"என்னத்துக்குப் பயம்? ரெண்டும் களிமண்ணு பூசிக்கிட்டு வருது. அந்நேரம் போன் கையில இல்ல. எனக்கு அது போதும். ஜெபம் வந்தா எழும்பி வந்திருங்கன்னு டீச்சரே சொல்லி விட்டாச்சு." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்களுக்குத்தான் ரொம்பப் பயம் போல."

எனக்கு அந்தச் சிரிப்பும் பிடிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை நான் வீட்டுக்கு வரும்போது மகள் படியில் உட்கார்ந்திருந்தாள். விரல் எல்லாம் மஞ்சள். தலையைத் திருப்பினாள். காதில் கம்மல் இல்லை. அவள் அம்மை முதல் சம்பளத்தில் வாங்கிப் போட்ட கம்மல். அது இருந்த இடத்தில் ஓட்டை மூடாமல் இருக்க இரண்டு ஈர்க்கில் துண்டு.

நான் பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். அண்ணன் போன மாதிரி இவளும் போய்விடுவாள். ஒருநாள் இவளும் என்னைக் கண்டால் ரப்பர் மரங்களுக்குள் போவாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் மதிலுக்குப் போனேன்.

"மைனி!"

"என்ன தம்பி, சங்கு ஊதுன மாதிரி?" மைனி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எனக்க பிள்ளைக்க காதுல கெடந்தது எங்க?"

"டப்பாவுல இருக்கு. களவு போகல்ல."

"அத யாரு களத்தச் சொன்னா? ஒங்க சபைக்காரன் சொன்னானா? எத்தன நாளா இந்த பிளானு?"

"தொப்பியக் களத்திட்டுப் பேசு. நீ கத்துகது எனக்குக் கேக்குது, நான் சொல்லது ஒனக்குக் கேக்காது."

ஹெல்மெட்டைக் கழற்றினேன். அவள் சொன்னது இதுதான். அன்றைய கதை, பழைய காலத்தில் மேல்சாதிக்காரர்கள் விதித்தபடி நம்ம ஆட்கள் எதையெல்லாம் போடக்கூடாது, பிடிக்கக்கூடாது என்பது. செருப்புப் போடக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது. தங்கம் போடக்கூடாது. பிள்ளைகளுக்குப் புரிய வேண்டும் என்று செருப்பையும் குடையையும் வாசலில் குவிக்கச் சொன்னாள். கம்மல் போட்டிருந்த பிள்ளைகள் அதைக் கழற்றி டப்பாவில் போட்டார்கள். பிறகு ஒரு பெண் பிள்ளையின் கதை. அந்தப் பிள்ளைக்குக் கம்மல் மேல் ஆசை. களிமண்ணில் கம்மல் செய்து, மஞ்சளைத் தேய்த்து, காதில் போட்டுக்கொண்டு வரப்பில் நடந்தாள். பெரிய வீட்டு ஆள் தூரத்திலிருந்து மஞ்சளைப் பார்த்துத் தங்கம் என்று நினைத்தான். பிடித்து இழுத்தான். காது கிழிந்தது. கையில் பார்த்தால் மண்.

"இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?" என்று கேட்டேன்.

"புஸ்தகத்துல இல்ல. எங்க வீட்டுல சொல்லிக் கேட்டது."

"இத ஒரு சின்னப் பிள்ளைக்கிட்ட சொல்லலாமா?"

"காது கிழிஞ்சதும் சின்னப் பிள்ளைக்குத்தான்."

கதை முடிந்ததும் பிள்ளைகள் களிமண்ணில் கம்மல் செய்து மஞ்சள் தேய்த்துக் காய வைத்திருக்கிறார்கள். போகும்போது மற்றப் பிள்ளைகள் தங்கத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். என் மகள் மட்டும் போடவில்லை. களிமண் கம்மல் காய்ந்ததும் அதைத்தான் போடுவாளாம். அதுவரை ஈர்க்கில் போதுமாம்.

"நான் எடுத்துக் குடுத்தேன். வேண்டாம்னு சொல்லிட்டு ஓடிட்டா. ஒனக்க மவதானே. சொன்னாக் கேப்பாளா?"

மைனி டப்பாவைத் திறந்து கம்மலைக் கொடுத்தாள். அப்போது அவள் காதைப் பார்த்தேன். ஓட்டை பாதி மூடியிருந்தது.

"ஒங்களுக்க காதும் வெறுங்காதுதானே மைனி. பிள்ளைக அதப் பாத்துக்கிட்டுத்தானே இருக்கு?"

"கேட்டுதுக. நீங்க ஏன் போடல்லன்னு. அவங்களப் போட விடல்ல, நான் வேண்டாம்னு வச்சேன், ரெண்டும் வேறயாக்கும்னு சொன்னேன். தப்பா?"

தப்பு என்று சொல்ல முடியவில்லை. சரி என்று சொல்ல மனமில்லை. பதில் தயாராக வைத்திருக்கிற ஆட்களை எனக்கு எப்போதும் சந்தேகம். கம்மலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

மகளிடம் நல்ல விதமாகவும் சொன்னேன், மிரட்டியும் சொன்னேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். கையோடு கொண்டுவந்து சன்னல் கட்டையில் வைத்திருந்த அந்த மண் உருண்டைகளைக் காட்டி, "காஞ்சிரும்ப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றாள். அடித்தா போட முடியும்?

மறுநாள் ஞாயிறு. ஈர்க்கிலோடுதான் சர்ச்சுக்கு வந்தாள். பைக்கிலிருந்து இறங்கும்போதே நான் கவனித்தேன். பெண்கள் பக்கம் ஒரு தலை திரும்பியது. பிறகு அடுத்த தலை. ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண்ணைத் திறந்து பார்க்கிறார்கள். ஆராதனை முடிந்ததும் ஒருத்தி நேராக வந்து, "மஸ்கட்டுக்காரிக்குத் தெரியுமா?" என்றாள். வேலையைப் பார்த்துக்கொண்டு போகச் சொன்னேன்.

அடுத்த வாரம், சர்ச்சில் பிள்ளைகளுக்கு நடத்துகிற ஓய்வுநாள் பள்ளியின் ஆண்டு விழா. நாடகத்தில் என் மகளுக்குப் பெரிய வேடம். எஸ்தர் ராணி, பைபிளில் தன் ஜனத்துக்காக உயிரைப் பணயம் வைத்தவள். வசனம் எல்லாம் தலைகீழாகத் தெரியும். தட்டு கழுவும்போதுகூட, "நான் செத்தாலும் சாகிறேன்" என்று ராஜாவிடம் போய் நிற்பாள். அந்த ராஜா எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி. ஓய்வுநாள் பள்ளியைப் பார்த்துக்கொள்கிற சார் அன்றே என்னைச் சர்ச் படிக்கட்டில் பிடித்தார். நல்ல மனுஷன் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

"பிள்ளைய சனிக்கிழம எங்கயோ அனுப்புதீங்கன்னு கேள்வி."

"எங்கயோ இல்ல. எனக்க அண்ணன் வீட்டுக்கு."

"அது தெரியும். அதாக்கும் பிரச்சன. கமிட்டியில ரெண்டு பேரு கேட்டாவ. அந்தச் சபைக்குப் போற பிள்ளைய ஸ்டேஜில ஏத்தினா நாளைக்கு வேற ஆளுகளும் கேக்கும்."

"சபைக்குப் போகல்ல சாறே. மண்ணுல கம்மல் செய்தா. அது காயட்டும்னு இருக்கா."

அவர் சிரித்தார். நான் மகளை விசாரிக்கும்போது சிரிப்பேனே, அதே சிரிப்பு. நம்பாத சிரிப்பு.

"அப்ப இப்பம் தங்கக் கம்மலப் போட்டு விடுங்க. பிரச்சன தீந்துதே. எஸ்தர் ராணிக்கு வெறுங்காதா?"

கம்மல் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வெளியே எடுத்தும்விட்டேன். மகள் அதைப் பார்த்துவிட்டு அழவில்லை, ஓடவில்லை. காதைப் பொத்தவுமில்லை. ஈர்க்கிலை உருவப் போவது நான்தானா என்று என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் என்னைச் சந்தேகப்பட்டாள். அது எனக்குத் தாங்கவில்லை.

"சாறே, இந்தச் சர்ச்சுக்குக் கல்லு சொமந்தாவளே நம்ம ஆளுக, அவங்களுக்க காதுல என்ன கெடந்துது?" என்று கத்தினேன். "தங்கமா கெடந்துது? தங்கம்னு நெனச்சு மண்ணப் பிடிச்சு இழுத்துக் காதக் கிழிச்சானுவ. அது ஒங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா நீங்க என்னத்த ஓய்வுநாள் பள்ளி நடத்துதீங்க?"

படிக்கட்டில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அது என் பேச்சு இல்லை. மைனியின் பேச்சு. நான் அவள் வகுப்பில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. மதிலில் நின்று சண்டை போடும்போது காதில் விழுந்தது, இத்தனை பேர் முன்னால் என் வாயில் வருகிறது. அண்ணனையும் இப்படித்தான் பிடித்தாளோ என்று அந்த நிமிஷத்திலேயே தோன்றியது.

"கமிட்டியில பேசிட்டுச் சொல்லுகேன்" என்று சார் போய்விட்டார். கமிட்டியில் பேசினார்களோ இல்லையோ, வேடம் வேறு ஒரு பிள்ளைக்குப் போனது.

அந்த வாரத்திலேயே களிமண் கம்மல் உடைந்தது. சுடாத மண், காய்ந்ததும் வெடித்துவிட்டது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்து எடுத்துப் பார்த்திருக்கிறாள், கையில் பொடியாகக் கொட்டியிருக்கிறது. நான் வந்ததும், "அப்பா, ஒடஞ்சு போச்சு. கம்மலத் தாங்க" என்றாள். கொடுத்தேன். கண்ணாடி முன்னால் நின்று அவளே போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவளுக்கு. ஊரைக் கூட்டி நாங்கள் போட்ட சண்டை எல்லாம் எங்களுடையது.

ஆண்டு விழாவுக்குப் போனோம். சார் மகளின் காதைப் பார்த்து, "ஆ, இப்பம் சரியாச்சே" என்று கன்னத்தில் தட்டினார். வேடம் போட்ட பிள்ளை வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டு நின்றது. என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே முழுவதையும் சொல்லி முடித்தாள். திரும்பும்போது பைக்கில் பின்னால் இருந்து கேட்டாள்.

"அப்பா, நான் இனி சர்ச்சுக்கு வரணுமா?"

"வரணும்."

"என்னத்துக்கு?"

லாரி வருகிறது என்று ஹாரன் அடித்தேன். லாரி எதுவும் வரவில்லை. இந்தக் கேள்வி என்றைக்காவது வரும் என்றுதான் இத்தனை நாள் மதிலுக்கு மேலே கண்ணை வைத்திருந்தேன். அது வந்தது, ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. எங்கள் சர்ச் படிக்கட்டிலிருந்தே வந்தது.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஒர்க்‌ஷாப்பை மூடினேன். மைனி வீட்டு முன்னறையில் போய், கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பிள்ளைகள் பாய் மேல் உட்கார்ந்து தீப்பெட்டியை ஒட்டி சர்ச் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் பின்வாசல் வழியாக வெளியே போனான்.

"என்ன தம்பி, சி.ஐ.டி. வேலையா?"

"ஆமா. நீங்க என்ன சொல்லுதீங்கன்னு கேக்கணும்."

"கேளு. சும்மா இருந்து கேக்காண்டாம், இந்தா, பசையத் தேச்சுக் குடு."

பசையைத் தேய்த்துக் கொடுத்தேன். மைனி நம்ம சர்ச் கட்டிய கதையைச் சொன்னாள். வெள்ளைக்காரத் துரை வந்தார், நிலம் வாங்கினார், கட்டினார் என்று சொல்லிக்கொண்டு போனாள். நான் இடையில் புகுந்தேன்.

"தொரை கட்டினாரா? தொரை குடை பிடிச்சிட்டு நின்னாரு. கட்டினது நம்ம ஆளுக."

"அப்ப நீ சொல்லு" என்றாள். அதற்குத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

எனக்குக் கதை சொல்லத் தெரியாது. எப்படியோ சொன்னேன். பகல் முழுக்க அடுத்தவன் வயலில் வேலை செய்துவிட்டு, வெளிச்சம் போவதற்குள் ஆளுக்கு ஒரு கல் என்று சுமந்தார்கள். அதில் ஒருவர் என் தாத்தாவின் அப்பா. என் அப்பா காலத்தில் அப்பாவுக்கும் கமிட்டிக்கும் கல்லறைத் தோட்டத்து வழி பற்றிப் பெரிய சண்டை. அவரை ஒருவரும் மதிக்கவில்லை. ஆனாலும் ஒரு ஞாயிறுகூட விடாமல் போய், கடைசி பெஞ்சில் முறைத்துக்கொண்டு உட்காருவார்.

"பின்ன என்னத்துக்குப் போனாவ?" என்று என் மகள் கேட்டாள். பைக்கில் கேட்ட அதே குரல்.

"அவருக்க அப்பனுக்க அப்பன் சொமந்த கல்லுல்லா அங்க இருக்கு. கமிட்டிக்காரன் சொமந்ததில்லியே. அவன் மொகத்தப் பாத்துட்டு நம்ம கல்ல விட்டுட்டு வர முடியுமா?"

ஒரு பையன், "எங்க ஆளும் சொமந்தாவளா?" என்றான். இந்துப் பிள்ளை. எனக்குத் தெரியாது, வீட்டில் போய்க் கேள் என்றேன். மைனி தீப்பெட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இத நீ அண்ணன்கிட்ட, அவரு சர்ச்ச விட்டுப் போன அன்னைக்கு, சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லதுக்கு அவன் நிக்கணுமே."

"நீ கத்தாம சொன்னா நிப்பாராக்கும்."

நான் அடுத்த தீப்பெட்டிக்குப் பசை தேய்த்தேன். இதிலும் ஏதோ கொக்கி இருக்கிறது.

ஞாயிறு காலை நான் மகளைச் சர்ச்சுக்குக் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே கூப்பிடவில்லை. பைக்கை ஸ்டார்ட் செய்துவிட்டு நின்றேன். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஏறினாள். சர்ச்சில் பெண்கள் பக்கம் போகவில்லை, முன்னால் பிள்ளைகளோடும் உட்காரவில்லை. என்னோடு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். சார் திரும்பிப் பார்த்தார். அவள் திருப்பி முறைத்தாள். பாட்டு ஆரம்பித்தபோது எழுந்து சத்தமாகப் பாடினாள், முறைப்பை விடாமலே. அதை நான் தடுக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் இப்போதும் ஒர்க்‌ஷாப்பை மூடிவிட்டுப் போய் உட்காருகிறேன். கதை சொல்லப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காவலுக்குத்தான் போகிறேன்.